அண்ணனின் கேம் பாய் அட்வான்ஸ்: புதுத் திரை போட்டேன், வெளிச்சத்தைக் கூட்டினால் ரீஸ்டார்ட் ஆகிறது

#1 · கார்த்திகைப்பூ

வணக்கம். இவ்வளவு நாள் படிப்பதோடு நின்றுவிடுவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியைக் காலி செய்தபோது அண்ணனின் பழைய கையடக்க கேம் கன்சோல், கேம் பாய் அட்வான்ஸ், கிடைத்தது. 2001-இல் வந்த முதல் மாடல், மடக்குகிற எஸ்பி அல்ல. திரைக்கு விளக்கே கிடையாது. ஜன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவன் விளையாடுவான், நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். பேட்டரி அறையைத் திறந்தால் இரண்டு பேட்டரிகளும் கசிந்து, ஸ்பிரிங் எல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது.

வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவினேன். புதுப் பேட்டரி போட்டதும் ஆன் ஆகிவிட்டது. அந்த உற்சாகத்தில் பின்விளக்கு உள்ள ஒரு ஐபிஎஸ் திரை கிட்டும் புது ஷெல்லும் (வெளிக்கூடு) வாங்கினேன். பழைய ஷெல்லில் அந்தத் திரை உட்கார வேண்டுமென்றால் உள் விளிம்பை வெட்ட வேண்டும் என்றார்கள். அண்ணன் கைபட்டுத் தேய்ந்த ஷெல்லை வெட்ட எனக்கு மனம் வரவில்லை, அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். பொத்தான்களும் ரப்பர் பேடுகளும் பழையவைதான்.

இப்போது பிரச்சினை. வெளிச்சத்தைப் பாதி அளவில் வைத்தால் ஓடுகிறது. அதற்கு மேல் ஒரு படி கூட்டினால் திரை ஒரு கணம் வெளுத்து, மறுபடி லோகோவிலிருந்து தொடங்குகிறது. புது ஆல்கலைன் பேட்டரி என்றால் கொஞ்ச நேரம் தாங்குகிறது, ரீசார்ஜ் செய்கிற பேட்டரி என்றால் உடனே போய்விடுகிறது. கிட் விற்றவர் வேறொன்று அனுப்பித் தருவதாகச் சொல்கிறார். கேட்டு வாங்கவா? அல்லது லித்தியம் பேட்டரிக்கு மாறிவிட்டால் சரியாகுமா?

இன்னும் இரண்டு. வலது தோள் பொத்தான் சில சமயம் வேலை செய்வதில்லை. அப்புறம், அவனுடைய போகிமான் சஃபயர் கார்ட்ரிட்ஜைப் போட்டால் 'உள் பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று ஒரு செய்தி வருகிறது. பயந்துபோய் அணைத்துவிட்டேன். அவன் சேமித்து வைத்த ஆட்டம் போய்விட்டதா?

#2 · மூன்றிதழ்த்திருகு

வாங்க, வாங்க. பழைய ஷெல்லை வெட்டாமல் வைத்ததற்கே ஒரு பாராட்டு.

வேறு கிட் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லுங்கள்: போர்டில் திரை ரிப்பன் (தட்டைக் கேபிள்) செருகுகிற இடத்தில் 40 பின்னா, 32 பின்னா? வெளிச்சத்தை மாற்ற ஒயர் சால்டர் செய்தீர்களா, தொடுகிற சென்சாரா? பவர் சுவிட்சைச் சுத்தம் செய்தீர்களா?

#3 · கார்த்திகைப்பூ

40 பின். கிட்டோடு இரண்டு ரிப்பனும் வந்தன, பொருந்தியதைப் போட்டேன். மூன்று ஒயர் சால்டர் செய்தேன்: செலக்ட், எல், ஆர். செலக்டை அழுத்திக்கொண்டு எல் அல்லது ஆர் அழுத்தினால் வெளிச்சம் மாறுகிறது.

சுவிட்சைத் தொடவே இல்லை. அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றே தெரியாது.

#4 · ஈயவாசம்

அப்படியென்றால் அங்கேதான் தொடங்க வேண்டும். கிட் மேல் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. ஏன் என்று விளக்கிவிடுகிறேன், காரணம் புரிந்தால் அடுத்த தடவை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இரண்டு டபுள் ஏ பேட்டரிகள் வரிசையாக இணைந்து, ஆல்கலைன் என்றால் 3 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்றால் 2.4 வோல்ட் தருகின்றன. அந்த மின்சாரம் ஸ்பிரிங்கைத் தாண்டி, எஃப்1 என்ற சின்ன ஃப்யூஸைத் தாண்டி, பவர் சுவிட்சைத் தாண்டித்தான் போர்டில் இருக்கும் பவர் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேர்கிறது. கன்வெர்ட்டர் அதை 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று உயர்த்திக் கொடுக்கும். பழைய திரைக்கு வேண்டிய கூடுதல் மின்னழுத்தங்களும் அங்கேதான் பிறக்கின்றன.

இந்த வழியில் எங்காவது ஒரு ஓம் அளவுக்குத் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். பழைய திரைக்கு விளக்கு இல்லை, அது குடிக்கிற மின்சாரம் சொற்பம், அதனால் அந்தத் தடை இருப்பதே வெளியில் தெரியாது. ஐபிஎஸ் திரையின் பின்விளக்கு சேர்ந்து மொத்தம் 300 மில்லிஆம்பியர் ஓடினால், ஒரு ஓமில் 0.3 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 2.4-இல் 0.3 போனால் 2.1.

கதை அதோடு முடிவதில்லை. கன்வெர்ட்டர் வெளியே தர வேண்டிய சக்தி மாறாது. உள்ளே வரும் மின்னழுத்தம் குறைந்தால், அதை ஈடுகட்ட அது அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் கூடினால் அதே தடையில் இன்னும் அதிகம் தொலையும். அது இன்னும் இழுக்கும். ஒரு எல்லையைத் தாண்டியதும் எல்லாம் ஒரே நொடியில் சரிந்துவிடும். அதனால்தான் ஒரு படி வரை நன்றாக ஓடி, அடுத்த படியில் மொத்தமாக விழுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால் அது வேறு நோய்.

ஊகிக்காமல் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்து, கன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு இடம்:

முதலில் பேட்டரிகளின் உலோக முனைகளிலேயே. பிறகு போர்டில் ஸ்பிரிங் சால்டர் ஆகியிருக்கும் இடத்தில். பிறகு ஃப்யூஸுக்கு அந்தப் பக்கம். கடைசியாகச் சுவிட்சைத் தாண்டி. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே மதிப்பு தடாலென்று விழுகிறதோ, குறை அங்கே. அணைத்து வைத்து அளந்தால் சுவிட்சுக்கு முந்தைய எல்லா இடத்திலும் 2.5 என்று அழகாகக் காட்டும், ஒன்றும் தெரியாது. மின்சாரம் ஓடும்போது அளப்பதுதான் முக்கியம்.

சுவிட்ச்தான் என்று தெரிந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை (90 விழுக்காட்டுக்கு மேல்) சுவிட்சின் இடுக்கில் இரண்டு சொட்டு விட்டு, நாற்பது ஐம்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். காயவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் கூடாது. கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் அதுவே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதற்கும் மசியவில்லை என்றால் சுவிட்சையே மாற்றுவதுதான் வழி. சால்டர் பழகியவருக்குப் பத்து நிமிட வேலை.

#5 · தாமிரக்கோடு

நான் நேராகவே சொல்கிறேன்: லித்தியம் போடுங்கள். நான் மூன்று கேம் பாயில் போட்டிருக்கிறேன். யூஎஸ்பி-சி கேபிளைச் செருகினால் போதும், பேட்டரி மாற்றும் வேலையே இல்லை. 1800 மில்லிஆம்பியர்-மணி பேக் ஒன்று பேட்டரி அறைக்குள் அப்படியே உட்கார்ந்துவிடும். இந்த மின்னழுத்தக் கணக்கு எல்லாம் தேவையே படாது.

#6 · மூன்றிதழ்த்திருகு

தாமிரக்கோடு, உங்கள் மூன்றும் நன்றாக ஓடுவது எனக்குச் சந்தோஷம். ஆனால் இவருடைய நிலைமைக்கு அது மருந்தல்ல, நோயை மூடிவைப்பது. சுவிட்சில் தடை இருந்தால் லித்தியம் போட்ட பிறகும் அங்கேயே இருக்கும். அந்தச் சின்னத் தகடு சூடாகிக்கொண்டே கிடக்கும்.

நான் யாருக்குச் செய்து கொடுத்தாலும் ஒரே வரிசைதான். பழைய திரையோடு, பழைய ஷெல்லோடு, இயந்திரம் எப்படி வந்ததோ அப்படியே முதலில் முழு ஆரோக்கியத்துக்குக் கொண்டுவருவேன். சுவிட்ச், ஒலிக் குமிழ், கார்ட்ரிட்ஜ் பின்கள், பொத்தான் தொடுமுனைகள், ஹெட்ஃபோன் துளை எல்லாம் சுத்தம். ஒரு வாரம் விளையாடிப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் ஒரு புதுப் பாகம். அதைப் போட்டு மறுபடி சோதனை. பிறகு இன்னொன்று. திரை, ஷெல், பேட்டரி, ஸ்பீக்கர் நான்கையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு ஆன் ஆகவில்லை என்று உட்கார்ந்தால், எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரம்பத்தில் நான் அப்படித்தான் செய்தேன். ஒரு போர்டு போய்விட்டது. திரை டிரைவர் பலகையின் பின்பக்கம் போர்டில் பட்டு ஷார்ட் ஆகியிருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது.

கார்த்திகைப்பூ, அதையும் பாருங்கள். திரையின் டிரைவர் பலகைக்கும் போர்டுக்கும் நடுவே கப்டன் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டியிருக்கிறீர்களா? கிட்டோடு வராவிட்டாலும் ஒட்டிவிடுங்கள்.

ரப்பர் பேடுகளைப் பழையவையாகவே வைத்தது நல்ல முடிவு. புதிதாக வருகிறவற்றில் பல, அழுத்தினால் மெத்தென்று அமுங்கும், அந்தச் சொடுக்கு இருக்காது. 20 வருடத்துக்கு மேல் ஆன பேடு கிழியாமல் இருந்தால் அதற்கு மாற்று அதுவேதான். கறுப்புக் கார்பன் புள்ளியை அழுத்தித் தேய்க்க வேண்டாம், ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

#7 · ஈயவாசம்

மில்லிஆம்பியர்-மணி கணக்கில் நிறையப் பேர் தடுமாறுவதால் லித்தியம் பற்றிக் கொஞ்சம்.

'2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, ஆக 4000. லித்தியம் 1800தான், பாதிகூட இல்லை' என்று ஒருவர் சொல்வார். 'இல்லை, வரிசையில் இணைத்தால் 2000தான், எனவே இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் தவறு. வரிசையில் இணைத்தால் 2000 என்பது உண்மை, ஆனால் மின்னழுத்தம் வேறு. வாட்-மணியில் பார்க்க வேண்டும். 2.4 வோல்ட் × 2 ஆம்பியர்-மணி = 4.8 வாட்-மணி. 3.7 × 1.8 = 6.66 வாட்-மணி. லித்தியம்தான் அதிகம், இந்த இடத்தில் தாமிரக்கோடு சொல்வது சரி. ஆனால் ஷெல்லில் இடமில்லாமல் 1100 அளவுள்ள சின்ன பேக் போட்டால் 4.07 வாட்-மணிதான். அதற்கு நல்ல ரீசார்ஜ் பேட்டரி ஜோடியே மேல்.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

நிரம்பிய லித்தியம் செல் 4.2 வோல்ட். இந்த இயந்திரம் இரண்டு பேட்டரியின் 3 வோல்டுக்காகச் செய்தது. நடுவில் மின்னழுத்தத்தை இறக்கும் சுற்று இல்லாத பேக்கை நேராக இணைக்கவே கூடாது. செல்லில் பாதுகாப்புச் சுற்றும் இருக்க வேண்டும். வீங்கிய செல்லை, திருகு முனை பட்ட செல்லை இரக்கமே இல்லாமல் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, யூஎஸ்பி-சி துளை. விதிப்படி அதன் இரண்டு சிசி பின்களிலும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் தடை இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் சார்ஜர், எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்து மின்சாரம் அனுப்பும். மலிவான பலகைகளில் அந்த இரண்டு தடைகளையும் விட்டுவிடுகிறார்கள். ஏ முனைக் கேபிளில் சார்ஜ் ஆகும், இரு பக்கமும் சி உள்ள கேபிளில் அசைவே இருக்காது. 'பலகை செத்துவிட்டது' என்று வரும் பதிவுகளில் பல இதுதான்.

மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. பேட்டரி குறையும்போது பச்சை விளக்கு சிவப்பாக மாறுமே, அது உள்ளே வரும் மின்னழுத்தம் இறங்குவதைப் பார்த்து மாறுவது. பேக்கில் உள்ள சுற்று கடைசி நொடி வரை ஒரே மின்னழுத்தத்தைப் பிடித்துக் கொடுத்தால் சிவப்பு எரியவே எரியாது. சேமிக்காமல் விளையாடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணையும்.

#8 · தாமிரக்கோடு

சிவப்பு விளக்கு விஷயம் உண்மை. என்னுடையதிலும் இரண்டு தடவை ஆட்டத்தின் நடுவில் அணைந்தது, பேக் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் சுவிட்சைப் பார்க்கச் சொல்வதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மூன்றிலும் அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

#9 · நிழல்திரை

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து. கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த இயந்திரத்தின் மேல் உள்ள பிரியத்தால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பழைய திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருட்டாக இருக்கும், உண்மைதான். 2001-இல் கன்சோல் வெளிவந்தபோதே வந்த 'காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் தி மூன்' மாதிரியான ஆட்டங்களில் சுவர் எது, எதிரி எது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த பல ஆட்டங்களில் அந்தத் திரையை மனதில் வைத்துத்தான் வண்ணம் பூசினார்கள். மங்கலாகத் தெரியும் என்று அறிந்து நிறங்களை வேண்டுமென்றே தூக்கி வைத்தார்கள். அதே ஆட்டத்தை ஐபிஎஸ் திரையில் பார்த்தால் புல் பச்சை கண்ணைக் குத்துகிறது, முகங்கள் வெளிறிப்போகின்றன.

இன்னொன்று, பழைய திரை மெதுவானது. முந்தைய ஃபிரேமின், அதாவது முந்தைய படத்தின், சாயல் அடுத்த ஃபிரேமிலும் கொஞ்சம் தங்கும். அதைப் பயன்படுத்தி, ஒரு உருவத்தை ஒரு ஃபிரேமில் காட்டி அடுத்ததில் மறைத்து, பாதி ஊடுருவித் தெரிகிற நிழல்போல் காட்டிய ஆட்டங்கள் உண்டு. வேகமான புதுத் திரையில் அது நிழலாகத் தெரியாது, படபடவென்று துடிக்கும். சிலர் அதைப் பார்த்துவிட்டுக் கார்ட்ரிட்ஜ் பழுது என்று தூக்கிப்போடுகிறார்கள்.

அந்தத் திரை, அந்த வெயில் எல்லாம் சேர்ந்ததுதான் எனக்கு அந்த ஆட்டம். விளக்கு இல்லாத திரைக்கு வெயிலில் ஒரு அழகு உண்டு. வெயில் ஏற ஏறத் தெளிவாகும்.

#10 · மூன்றிதழ்த்திருகு

நிழல்திரை, நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். நான் கழற்றுகிற ஒவ்வொரு பழைய திரையையும் மாடல் எழுதி உறையில் போட்டு, உரிமையாளரிடமே திருப்பிக் கொடுக்கிறேன். பின்னாளில் ஒருவர் பழையபடி மாற்றிக் கேட்டால் மாற்ற முடிய வேண்டும். ஷெல்லை வெட்டாத கிட்டையே எப்போதும் பரிந்துரைப்பதும் அதனால்தான்.

ஆனால் புதுக் கிட்டுகள் முன்பு மாதிரி இல்லை. இந்தக் கன்சோலின் ஃபிரேம் வேகம் சரியாக 60 அல்ல. கடிகாரம் நொடிக்கு 1,67,77,216 துடிப்பு, ஒரு ஃபிரேமுக்கு 2,80,896 துடிப்பு. வகுத்தால் 59.73 வரும். ஆரம்பகாலக் கிட்டுகளில் திரை தன் போக்கில் ஓடியதால், பக்கவாட்டில் நகரும் காட்சியில் கோடு கிழிந்த மாதிரி தெரியும். பின்னால் வந்தவற்றில் ஒரு முழு ஃபிரேமை வாங்கி வைத்துக்கொண்டு காட்டுகிறார்கள், கிழிசல் போய்விட்டது. பலவற்றில் பழைய வண்ணச் சாயலைக் கொண்டுவரும் தேர்வும், இரண்டு ஃபிரேம்களைக் கலந்து காட்டும் தேர்வும் இருக்கின்றன. நீங்கள் சொன்ன அந்த நிழல் துடிப்பு கலந்து காட்டினால் அடங்கிவிடும்.

திரை வாங்கும்போது பிக்சல் கணக்கையும் பாருங்கள். இந்தக் கன்சோல் வரைவது 240 × 160. 720 × 480 திரை என்றால் ஒவ்வொரு புள்ளியும் மூன்றுக்கு மூன்று சதுரமாக, ஒழுங்காக நிற்கும். முழு எண்ணில் வகுபடாத திரை என்றால் ஒரு வரி தடித்தும் அடுத்த வரி மெலிந்தும் தெரியும். எழுத்துகளில்தான் அது உறுத்தும்.

#11 · வெண்பலகை

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் புதிதாக ஒரு கையடக்கக் கன்சோல் வாங்கிவிடலாமே? 2021-இல் வந்த அனலாக் பாக்கெட் பழைய கார்ட்ரிட்ஜ்களை அப்படியே எடுத்துக்கொள்கிறதே. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#12 · ஈயவாசம்

நல்ல கருவிதான், வெண்பலகை. 1600 × 1440 திரை. பழைய கேம் பாயின் 160 × 144-ஐ நெடுக்கிலும் குறுக்கிலும் சரியாகப் பத்து மடங்காகக் காட்டும். பழைய போர்டு எதுவும் அதில் இல்லை, எஃப்பிஜிஏ சிப்பில் (உள்சுற்றை வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய சிப்) அதே சுற்றைத் திரும்ப உருவாக்குகிறார்கள். ஆட்டம் மட்டும் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். இந்த இழையில் கேட்டவர் கையில் இருப்பது அவருடைய அண்ணனின் போர்டு. அதற்கு மாற்றாக எதை வாங்க முடியும்?

#13 · கார்த்திகைப்பூ

அளந்துவிட்டேன்! ரீசார்ஜ் பேட்டரி, வெளிச்சம் பாதி அளவு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது:

பேட்டரி முனையில் 2.52. ஸ்பிரிங் சால்டரில் 2.44. ஃப்யூஸைத் தாண்டி 2.42. சுவிட்சைத் தாண்டி 2.06.

சுவிட்சிலேயே 0.36 வோல்ட் போகிறது. ஈயவாசம் சொன்னபடி ஆல்கஹால் விட்டு ஐம்பது தடவை தள்ளினேன். பஞ்சில் கறுப்பாக ஏதோ வந்தது. மறுபடி செய்தேன். மூன்றாவது தடவை பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஸ்பிரிங்கிலும் பச்சை கொஞ்சம் மிச்சம் இருந்ததால், கண்ணாடிநார் பேனாவால் லேசாகத் தேய்த்து, மெல்லியதாகச் சால்டர் பூசினேன்.

இப்போது அதே வெளிச்சத்தில் பேட்டரி முனையில் 2.53, சுவிட்சைத் தாண்டி 2.46. வெளிச்சத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டிக் கடைசிப் படி வரை போனேன். கை நடுங்கியது. அணையவில்லை. ஒரு மணி நேரம் முழு வெளிச்சத்தில் ஓடியது.

கிட் அனுப்ப வேண்டாம் என்று விற்றவருக்கும் எழுதிவிட்டேன். கப்டன் டேப் இல்லாமல்தான் இருந்தது, இப்போது ஒட்டியாயிற்று. பழைய திரையை உறையில் போட்டு, பின்னால் '40 பின்' என்று எழுதி வைத்திருக்கிறேன், நிழல்திரை அவர்களே.

#14 · நிழல்திரை

மனம் குளிர்ந்தது. வெயில் நன்றாக இருக்கிற ஒரு நாளில் அதை ஒரு தடவையாவது மாட்டிப் பாருங்கள்.

#15 · சிறுமின்கலம்

அந்தக் கார்ட்ரிட்ஜ் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லையே. கவலைப்படாதீர்கள், கார்த்திகைப்பூ. சஃபயரில் சேமித்த ஆட்டம் இருப்பது ஃப்ளாஷ் நினைவகத்தில், அதற்கு பேட்டரியே வேண்டாம். உள்ளே இருக்கும் காசு பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். அந்தச் செய்தியும் அதைத்தான் சொல்கிறது: ஆட்டத்தைத் தொடரலாம், நேரத்தை வைத்து நடக்கிற விஷயங்கள் மட்டும் நடக்காது. பொத்தானை அழுத்தி மேலே போங்கள், அவன் விட்ட இடம் அப்படியே இருக்கும்.

ஆனால் வீட்டில் அதற்கு முந்தைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்கள் ஏதாவது இருக்கின்றனவா? குறிப்பாக போகிமான் கோல்டு, சில்வர், கிரிஸ்டல்? அவற்றில் கதை வேறு. சேமிப்பு எஸ்ரேம் நினைவகத்தில் இருக்கிறது, அதை உயிரோடு வைத்திருப்பதே அந்த பேட்டரிதான். அதே பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுவதால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் சேமிப்பும் போய்விடும். இன்னும் உயிர் இருந்தால், பேட்டரியைக் கழற்றிய கணத்தில் போய்விடும்.

எனக்கு அப்படித்தான் போனது. புது பேட்டரி போட்டால் சேமிப்பு இன்னும் பல வருடம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக் கழற்றினேன். பத்து வயதில் நான் வளர்த்த எல்லாம் அதில் இருந்தன. இப்போதும் நினைத்தால் வயிறு பிசைகிறது. அதனால்தான் இந்தப் பேச்சு வருகிற ஒவ்வொரு இழையிலும் எழுதுகிறேன்: கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒன்றைக் கணினியில் இணைத்துச் சேமிப்பை முதலில் கோப்பாக எடுத்து வையுங்கள். அதைத் திறந்து சரிபாருங்கள். பிறகு பேட்டரியை மாற்றிவிட்டு, அதே கோப்பைத் திரும்ப எழுதிவிடலாம்.

பேட்டரி வாங்கும்போது கால்தகடு ஏற்கெனவே பொருத்தியதாக வாங்குங்கள். காசு பேட்டரியில் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். எந்த எண் என்று பழைய பேட்டரியின் மேலேயே எழுதியிருக்கும். சஃபயரில் சிஆர்1616, கோல்டில் சிஆர்2025.

#16 · கார்த்திகைப்பூ

சஃபயர் திறந்துவிட்டது. அவன் பெயர் இருக்கிறது. 87 மணி நேரம் என்று காட்டுகிறது.

கோல்டு கார்ட்ரிட்ஜும் ஒன்று இருக்கிறது. உங்கள் பதிவைப் படித்ததும் கழற்றாமல், திறக்காமல், கன்சோலில் மட்டும் போட்டுப் பார்த்தேன். 'தொடர்க' என்ற வரியே இல்லை, 'புதிய ஆட்டம்' மட்டும்தான். அது முன்பே போய்விட்டிருக்கிறது. அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சஃபயரின் சேமிப்பையாவது கோப்பாக எடுத்து வைக்கிறேன், ரீடருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆர் பொத்தான் மட்டும் மிச்சம்.

#17 · மூன்றிதழ்த்திருகு

கோல்டு போனதற்கு வருத்தம். சொல்லிவிடுங்கள், அவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

ஆர் பொத்தானுக்கு வருவோம். போர்டில் டிபி0 முதல் டிபி9 வரை சோதனைப் புள்ளிகள் இருக்கின்றன. வரிசை: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், வலம், இடம், மேல், கீழ், ஆர், எல். கன்சோலின் நிரல் பொத்தான்களைப் படிக்கிற பிட் வரிசையும் இதேதான், அதனால் ஒரு தடவை மனதில் பதிந்தால் மறக்காது. உங்கள் மூன்று ஒயர்களும் டிபி2, டிபி9, டிபி8-இல் இருக்கின்றன.

ஓடும்போது டிபி8-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளங்கள். அழுத்தாதபோது 3.3-ஐ ஒட்டி, அழுத்தினால் பூஜ்ஜியம். அழுத்தியும் சில சமயம் இறங்கவில்லை என்றால் தோள் பொத்தானின் அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் அழுக்கு, ஒரு சொட்டு ஆல்கஹால் போதும். அழுத்தாதபோதே ஆடினால் உங்கள் ஒயர் ஷெல்லின் தூணில் நசுங்குகிறது, வழியை மாற்றுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் ஷெல்லைச் சந்தேகப்படுங்கள். சில புது ஷெல்களில் தோள் பொத்தான் சுவிட்ச் வரை எட்டாது. திருகுகளை இறுக்க வேண்டாம், பிளாஸ்டிக் மரை கழன்றுவிடும்.

#18 · தாமிரக்கோடு

என் மூன்றையும் அளந்தேன். இரண்டில் சுவிட்சில் 0.05-க்குக் கீழே. ஒன்றில் 0.28! லித்தியம் போட்டதால் இத்தனை நாள் தெரியாமலே ஓடியிருக்கிறது. தொட்டுப் பார்த்தால் சுவிட்ச் வெதுவெதுப்பாக இருந்தது. சுத்தம் செய்துவிட்டேன். நன்றி, ஈயவாசம்.

#19 · கார்த்திகைப்பூ

டிபி8-இல் அழுத்தாதபோது 3.28, அழுத்தினால் எல்லா தடவையும் பூஜ்ஜியம். ஆனால் ஷெல்லை மூடிய பிறகு அதே பொத்தான் தவறுகிறது. அப்படியென்றால் ஷெல்தான். புது ஷெல்லின் தோள் பொத்தானை எடுத்துவிட்டு, அண்ணனின் பழைய ஷெல்லிலிருந்த சாம்பல் நிறப் பொத்தானைப் போட்டேன். நிறம் பொருந்தவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் சொடுக்கென்று விழுகிறது. எல்-ஐயும் மாற்றிவிட்டேன்.

நேற்று அண்ணனிடம் பேசினேன். கோல்டு போனதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சஃபயரில் அவன் கடைசியாக எங்கே நிற்கிறான் என்று கேட்டான். படம் எடுத்து அனுப்பினேன். அந்தக் குகையில் எந்தப் பக்கம் போகக் கூடாது என்று உடனே எழுதி அனுப்பினான்.

அவன் வரும்போது கையில் கொடுக்கப் போகிறேன். பழைய ஷெல், பழைய திரை, திருகுகள் எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கின்றன. எப்படி வேண்டும் என்று அவன் சொல்கிறபடி மாட்டிக் கொடுக்கிறேன். மாட்டும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.

#20 · ஈயவாசம்

கேளுங்கள். ஒன்று மட்டும், அது வரை டப்பாவில் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.